வெளிச்சுவர் ஓரமாக வரும் குளிர்காற்று: ஸ்கர்ட்டிங் இடுக்கை எப்படி அடைப்பது?

வாடைக்காற்று

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது மரச்சட்டத்தில் கட்டிய இரண்டு தள வீடு. உள்பக்கம் ஜிப்சம் போர்டு. தரையில் ஒன்றோடொன்று பூட்டிப் போடும் மரத்தளம். சுவரின் அடியோரம் முழுக்க மர ஸ்கர்ட்டிங் பலகை.

குளிர் தொடங்கியதிலிருந்து கீழ்த்தளக் கூடத்தில் உட்கார முடியவில்லை. ஹீட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. முழங்காலுக்கு மேலே கதகதப்பாக இருக்கிறது, தரையில் பாதத்தை வைத்தால் சில்லென்று ஏறுகிறது. வெளிச்சுவர் பக்கம் ஸ்கர்ட்டிங்குக்கு அடியில் விரலை வைத்தால் காற்று வருவது நன்றாகத் தெரிகிறது. குழந்தை தவழ்கிற அறை அது, அதனால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட மனம் வரவில்லை.

சிலிக்கான் ட்யூப் வாங்கி ஸ்கர்ட்டிங்கின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் ஒரு கோடு இழுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். அது போதுமா? வேறு ஏதாவது செய்ய வேண்டுமா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

மாடிப்படி

போதும் நண்பரே. நான் இருக்கும் வாடகை வீட்டில் அப்படித்தான் இழுத்து வைத்திருக்கிறார்கள். அரை நாள் வேலை.

தச்சுப்பட்டறை

ட்யூபை வெட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

மரச்சட்ட வீட்டில் சுவரின் அடியில் படுக்கையாக ஒரு கட்டை ஓடும். அதை அடிக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். மரத்தளத்துக்கு அடியில் இருக்கும் தளப்பலகையின் மேல் வைத்து ஆணி அடித்திருப்பார்கள். கட்டையும் பலகையும் எங்கேயும் முழுக்க நேராக இருப்பதில்லை, அதனால் அடியில் அங்கங்கே இடுக்கு விழும். அடுத்து ஜிப்சம் போர்டு. அதைத் தரையில் முட்டவைத்தால் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால் ஒரு விரல் கனத்துக்குத் தூக்கித்தான் அடிப்பார்கள். இந்த இரண்டு திறப்பையும் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கத்தான் ஸ்கர்ட்டிங். அது அழகுக்கு வைத்த பலகை. காற்றை நிறுத்தும் வேலையை யாரும் அதற்குக் கொடுக்கவில்லை.

இடுக்கு சின்னதுதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3 மி.மீ. இடுக்கு 4 மீட்டர் சுவர் நெடுக ஓடினால் மொத்தப் பரப்பு 120 சதுர செ.மீ. வெளிச்சுவரில் 12 செ.மீ.க்கு 10 செ.மீ. அளவில் ஒரு துளையைப் போட்டுத் திறந்தே வைத்திருப்பதும் இதுவும் ஒன்றுதான்.

சுவருக்குள் கண்ணாடிக் கம்பளி அடைத்திருக்கிறதே, அது காற்றை நிறுத்தாதா என்று சிலர் கேட்பார்கள். நிறுத்தாது. அசையாத காற்றைப் பிடித்து வைத்திருக்கும் வரைதான் அது வெப்பத்தைக் காக்கும். காற்று ஓட ஆரம்பித்தால் அதனூடே புகுந்து வந்துவிடும், தூசியை மட்டும் கம்பளியில் விட்டுவிட்டு வரும். பழைய சுவரைப் பிரிக்கும்போது கசிவு இருந்த இடத்தில் மட்டும் கம்பளி கறுத்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் திட்டம். கீழ்விளிம்பில் சிலிக்கானோ இடுக்கை அடைக்கும் வேறு எந்த சீலன்ட்டோ போடவே போடாதீர்கள். நீங்கள் சொல்கிற மாதிரித் தளம் தரையோடு ஒட்டப்பட்டிருக்காது, மிதந்துகொண்டிருக்கும். ஈரப்பதம் ஏறினால் விரியும், இறங்கினால் சுருங்கும். அதற்காகவே சுவரோரம் 8 முதல் 10 மி.மீ. வரை இடம் விட்டுப் போட்டிருப்பார்கள். ஸ்கர்ட்டிங்கைத் தளத்தோடு ஒட்டிவிட்டால் ஒன்று அந்தக் கோடு கிழியும், இல்லையென்றால் தளம் நகர முடியாமல் எங்காவது பூட்டு விலகும்.

மேல்விளிம்புக்கும் சிலிக்கான் வேண்டாம். அதன் மேல் பெயின்ட் பிடிக்காது. பிறகு சுரண்டி எடுத்தாலும் மெல்லிய படலம் தங்கிவிடும், அதன் மேல் வேறு எந்த சீலன்ட்டும் ஒட்டாது. சிலிக்கான் குளியலறைக்கு நல்லது, அங்கேயே இருக்கட்டும்.

என் கருத்து: ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி, காற்று உண்மையாக வரும் இடத்தில் அடைத்துவிட்டு, அதே பலகையைத் திரும்ப மாட்டுங்கள். முன்பக்கம் கோடு இழுத்தால் கசிவு மூலை மூட்டிலோ பலகை முடியும் இடத்திலோ வேறு வழி பார்த்துக்கொள்ளும்.

புதுச்சாவி

இந்த இழையைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன், எங்கள் வீட்டிலும் இதே தொல்லை. ஒரு சந்தேகம். காற்று ஸ்கர்ட்டிங் வழியாகத்தான் வருகிறது என்று எப்படி உறுதியாகச் சொல்வது? எனக்குச் சன்னலுக்குக் கீழே உட்கார்ந்தால்தான் அதிகம் குளிர்கிறது, ஆனால் சன்னலைச் சுற்றி இடுக்கே தெரியவில்லை.

ஈரச்சுவர்

நல்ல கேள்வி. குளிர்ந்த கண்ணாடியும் காற்று வீசுவது போன்ற உணர்வைத் தரும். கண்ணாடியைத் தொடும் அறைக்காற்று குளிர்ந்து கனமாகி, அப்படியே கீழே வழிந்து தரையில் பரவும். இடுக்கே இல்லாத சன்னலிலும் இது நடக்கும். இதற்குச் சீலன்ட் மருந்தல்ல. இரட்டைக் கண்ணாடியோ, உள்பக்கம் ஒட்டும் ஒளிபுகும் படலமோதான் உதவும்.

இரண்டையும் பிரித்தறிய ஊதுபத்தி போதும். காற்று பலமாக வீசும் நாளாகப் பாருங்கள். சன்னல், கதவு எல்லாவற்றையும் மூடுங்கள். சமையலறை, குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன்களை எல்லாம் ஓடவிடுங்கள். அவை உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளுவதால் இடுக்கு இருக்கும் இடமெல்லாம் வெளிக்காற்று உள்ளே பாயும். ஆனால் அதற்கு முன் ஒன்று: வீட்டுக்குள் எரிவாயு வாட்டர் ஹீட்டர், விறகு அடுப்பு மாதிரி புகைபோக்கியோடு எதுவும் இருந்தால் கட்டாயம் அணைத்துவிட்டுச் செய்யுங்கள். எக்ஸாஸ்ட் இழுக்கிற இழுப்பில் புகை திரும்ப அறைக்குள் வரக்கூடும்.

பிறகு பத்தியைச் சுவரோரம் மெதுவாக நகர்த்திக்கொண்டே வாருங்கள். திரைச்சீலை பக்கத்தில் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். கண்ணாடிப் பக்கம் புகை சோம்பலாக வழிந்து இறங்கினால் அது கண்ணாடிக் குளிர். ஓர் இடத்தில் புகை சட்டென்று வெட்டப்பட்டு அறைக்குள் படுக்கையாகச் சீறினால் அங்கே இடுக்கு இருக்கிறது. பார்த்த இடத்தில் உடனே ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், பிறகு தேடினால் நினைவு வராது.

தரையில் கம்பளம் விரித்திருப்பவர்களுக்கு இன்னொரு அடையாளம் உண்டு. சுவரோரம் ஒரு விரல் அகலத்துக்குக் கம்பளம் கறுத்து, எவ்வளவு துவைத்தாலும் போகாமல் இருந்தால், காற்று அந்த வழியாகப் போய் வந்து தூசியை வடிகட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

துல்லியமாக வேண்டும் என்றால் வாசல் கதவில் பெரிய விசிறியைப் பொருத்தி, உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசத்தை உண்டாக்கிக் கசிவை அளக்கிறார்கள். ப்ளோயர் டோர் சோதனை என்பார்கள். அந்த அழுத்தத்தில் ஒரு மணி நேரத்தில் வீட்டுக் காற்று எத்தனை தடவை முழுக்க மாறுகிறது என்பதே கணக்கு. மிகக் குறைந்த ஆற்றலில் கதகதப்பாக இருக்கக் கட்டும் பாசிவ்ஹவுஸ் வீடுகளின் தரத்துக்கு அது 0.6 தடவைக்கு மேல் போகக் கூடாது. சாதாரணப் பழைய வீடுகள் அதற்குப் பக்கத்திலேயே வராது. உங்கள் தேவைக்குப் பத்தியே போதும்.

வாடைக்காற்று

ஈரச்சுவர், மிக்க நன்றி. நேற்று மாலை நல்ல காற்று. நீங்கள் சொன்ன மாதிரியே பார்த்துவிட்டேன்.

ஸ்கர்ட்டிங் வழியாக வருவது உறுதி. இரண்டு வெளிச்சுவர்கள் சேரும் மூலையில் ரொம்ப மோசம், புகை நிற்கவே இல்லை. சன்னல் சட்டத்தைச் சுற்றி அடித்திருக்கும் பட்டியின் கீழ்ப்பக்கத்திலும் வருகிறது. எனக்குப் புரியாத ஒன்று: கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருக்கும் உள்சுவரின் ப்ளக் பாயிண்டிலும் காற்று வருகிறது. அது வெளிச்சுவரே இல்லையே?

மின்கம்பி

அது வழக்கமாக நடப்பதுதான் நண்பரே. உள்சுவரும் வெற்றுக்கூடுதான். மேலே பரண் வரை ஒயர் இழுக்க மேல்கட்டையில் துளை போட்டிருப்பார்கள், யாரும் அதை அடைத்திருக்க மாட்டார்கள். கீழேயும் அப்படித்தான். ஆக, அந்தச் சுவரின் உள்ளே ஒரு பக்கம் கூரைக்கும் மறுபக்கம் தரைக்குக் கீழே இருக்கும் இடத்துக்கும் நேராக வழி இருக்கிறது. ப்ளக் பாயிண்ட் அந்த வழியின் நடுவில் ஒரு சன்னல்.

இதற்கு எளிய தீர்வு: சுவிட்ச் பலகை அளவில் வெட்டிய மெல்லிய நுரை அட்டைகள் கிடைக்கும். முகப்புத் தட்டைக் கழற்றி, அட்டையை வைத்து, திரும்ப முடுக்கினால் போதும். தட்டைத் தொடும் முன் எம்சிபியை இறக்குங்கள், டெஸ்டரால் சோதித்துப் பாருங்கள். பெட்டிக்கும் ஜிப்சம் போர்டுக்கும் நடுவே இடுக்கு பெரிதாக இருந்தால் பெட்டியின் வெளிவிளிம்பில் சீலன்ட் போடலாம். பெட்டிக்குள் ஃபோம் (டின்னிலிருந்து அடித்தால் உப்பி இறுகும் நுரை) அடிக்கவே கூடாது. ஒயர் சூடானால் வெப்பம் போக வழி இருக்காது, பிறகு யாராவது அந்த இணைப்பைத் திறந்து பார்க்கவும் முடியாது.

ஆனால் உண்மையான வைத்தியம் மேலே பரணில்தான் இருக்கிறது.

மாடிப்படி

குளிர்வது கால். அதற்குப் பரணில் ஏறி அடைக்கச் சொல்கிறீர்களே, அது எப்படி?

தச்சுப்பட்டறை

கேட்க வேண்டிய கேள்விதான். மின்கம்பி சொல்வது சரி, ஏன் என்று சொல்கிறேன்.

சூடான காற்று லேசானது. மேலே ஏறி, கூரைப் பக்கம் இருக்கும் துளைகள் வழியாக வெளியே போகும். போன காற்றுக்கு ஈடாகக் கீழிருந்து குளிர்காற்று வந்தே ஆக வேண்டும். உறிஞ்சுகுழலைத் தண்ணீரில் முக்கி, மேல்முனையை விரலால் அடைத்துத் தூக்கினால் தண்ணீர் கீழே விழாமல் நிற்கிறது அல்லவா? அந்த மாதிரிதான். மேலே வெளியேறும் வழியை அடைத்தால் கீழே உள்ளே வரும் வேகமும் குறையும்.

எண்ணாகச் சொன்னால், ஒரு மீட்டர் உயரத்துக்கு, ஒரு டிகிரி வெப்ப வித்தியாசத்துக்கு, சுமார் 0.04 பாஸ்கல் அழுத்தம் உண்டாகும். 5 மீட்டர் உயரமான வீட்டில் உள்ளே 20 டிகிரி, வெளியே 0 டிகிரி என்றால் மொத்தம் 4 பாஸ்கல். மேலும் கீழும் துளைகள் ஏறக்குறைய சமமாக இருந்தால் அதில் பாதி கூரையில் காற்றை வெளியே தள்ளும், பாதி தரையோரம் உள்ளே இழுக்கும். 2 பாஸ்கல் கேட்க ஒன்றுமில்லை மாதிரி இருக்கும். ஆனால் குளிர்காலம் முழுக்க, இரவும் பகலும், நிற்காமல் அது வேலை செய்கிறது.

மாடிப்படி

அப்படியென்றால் ஸ்கர்ட்டிங்கைத் தொடவே வேண்டாமா?

தச்சுப்பட்டறை

அப்படியும் இல்லை. பரணை அடைப்பதால் காற்று வீசும் நாளின் தொல்லை தீராது. மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் காற்று சுவரில் நேராக மோதினால் 15 பாஸ்கல் வரை அழுத்தம் வரும். நான் மேலே சொன்ன 2 பாஸ்கலை விட அது எவ்வளவு அதிகம் என்று பாருங்கள். காற்று மோதும் பக்கத்துச் சுவரில் இடுக்கு இருந்தால் உள்ளே வந்தே தீரும்.

வாடைக்காற்றுக்கு என் யோசனை: குழந்தை இருக்கும் கூடம் என்பதால் அந்த மூலையும் இரண்டு வெளிச்சுவர்களின் ஸ்கர்ட்டிங்கும் முதலில். கையோடு பரணில் ஏறி ஒயர் துளைகள், குழாய் போகும் துளைகள், பரண் கதவின் விளிம்பு. அதற்குப் பிறகு சன்னல் பட்டிகள். கூரைப் பக்கத்தை அடுத்த குளிருக்கு விட்டுவிடாதீர்கள், ஹீட்டர் செலவில் நல்ல பங்கு அங்கேதான் வெளியே போகிறது.

புதுச்சாவி

பரணில் புகைபோக்கியைச் சுற்றி நல்ல பெரிய இடைவெளி இருக்கிறது. அதில் ஃபோம் அடித்துவிடலாமா?

மின்கம்பி

வேண்டவே வேண்டாம். ஸ்ப்ரே ஃபோம் எரியும் பொருள். புகைபோக்கியைச் சுற்றி எரியும் பொருள் எதுவும் வரக்கூடாது என்பதற்காகத்தான் அந்த இடைவெளியையே விட்டிருக்கிறார்கள். அங்கே தகரத் தகட்டை வெட்டி மூடி, விளிம்பில் அதிக வெப்பம் தாங்கும் சீலன்ட் போட வேண்டும். நிச்சயமில்லை என்றால் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். உள்கூரையில் பதித்த பழைய மாதிரி விளக்குகளுக்கும் இதே எச்சரிக்கை.

வாடைக்காற்று

சரி, ஸ்கர்ட்டிங்கைக் கழற்றத் துணிந்துவிட்டேன். தச்சுப்பட்டறை அண்ணா, பலகை உடையாமல் கழற்றுவது எப்படி? உள்ளே எதை வைத்து அடைப்பது? தளத்தின் விளிம்பில் விட்ட அந்த 10 மி.மீ. இடத்தை என்ன செய்வது?

தச்சுப்பட்டறை

கழற்றுவதில்தான் பொறுமை வேண்டும், மற்றதெல்லாம் சுலபம். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்கர்ட்டிங்கின் மேல்விளிம்பில் பெயின்ட் சுவரோடு ஒட்டியிருக்கும். கூரான கத்தியால் அந்தக் கோட்டை முழுக்க அறுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் இழுத்தால் ஜிப்சம் போர்டின் காகிதம் தாள் தாளாக உரிந்து வரும். ஆணி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அகலமான பட்டி பூசும் தகட்டை நுழையுங்கள். அதற்குப் பின்னால் தட்டையான கடப்பாரை. கடப்பாரைக்கும் சுவருக்கும் நடுவே கட்டாயம் ஒரு துண்டுப் பலகை இருக்கட்டும், இல்லையென்றால் போர்டில் குழி விழும். ஒரே இடத்தில் நெம்பாமல் ஆணிக்கு ஆணி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டு போங்கள். வெளிவந்த பலகையின் முதுகில் எந்தச் சுவர், இடமா வலமா என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். ஆணியை முன்பக்கமாகத் தட்டி எடுக்காதீர்கள். பின்பக்கம் குறட்டால் பிடித்து இழுத்தால் தலையோடு உள்ளே வந்துவிடும், முகத்தில் மரம் சிதறாது.

பழைய வீடு என்றால் ஒரு எச்சரிக்கை. பழைய பெயின்ட் அடுக்குகளில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அங்கே உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், குழந்தை தவழும் அறையில் அந்தத் தூசி ஆபத்து. சோதித்துப் பார்த்துவிட்டுக் கையை வையுங்கள்.

பலகை போனதும் உள்ளே தூசியும் ஜிப்சம் பொடியும் கிடக்கும். வேக்குவம் வைத்து நன்றாக உறிஞ்சிவிடுங்கள். தூசியின் மேல் போட்ட சீலன்ட் தூசியோடுதான் ஒட்டும். இந்த நேரத்தில் முகத்தை அருகில் கொண்டுபோனால் காற்று எங்கிருந்து வருகிறது என்பது கன்னத்திலேயே தெரியும்.

இரண்டு கோடுகளை அடைக்க வேண்டும். ஒன்று, அடிக்கட்டையும் தளப்பலகையும் சேரும் இடம். தளத்தின் விளிம்பில் விட்ட இடைவெளி வழியாக ட்யூபின் மூக்கை அங்கே கொண்டுபோக முடியும். மூக்கை நீளமாக, சாய்வாக வெட்டிக்கொள்ளுங்கள். சீலன்ட் கட்டையிலும் தளப்பலகையிலும் பிடிக்க வேண்டும், மரத்தளத்தின் விளிம்பில் படக்கூடாது. இரண்டு, ஜிப்சம் போர்டின் கீழ்விளிம்பும் அடிக்கட்டையும் சேரும் இடம். இந்த இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சுவருக்குள் சுற்றும் காற்று அந்த வழியாகத்தான் இறங்கி அறைக்குள் வருகிறது.

6 மி.மீ. வரை உள்ள இடுக்குக்கு நேராக சீலன்ட். அதற்கு மேல் என்றால் முதலில் பேக்கர் ராட் வையுங்கள். பாலிஎதிலீன் நுரையில் செய்த கயிறு அது, பல கனத்தில் கிடைக்கும். இடுக்கை விடக் கால்பங்கு பருமனாக எடுத்தால்தான் பிதுங்கி இறுக்கமாக நிற்கும். 8 மி.மீ. இடுக்குக்கு 10 மி.மீ. கயிறு. மொட்டையான எதையாவது வைத்து அழுத்துங்கள், ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்தாதீர்கள். நுரை கிழிந்தால் உள்ளிருக்கும் வாயு மெல்லக் கசிந்து சீலன்ட்டில் குமிழாக எழும். கயிற்றுக்கு மேல் போடும் சீலன்ட்டின் ஆழம் அகலத்தில் பாதி இருந்தால் போதும். நிறையத் திணித்தால் பலம் என்று நினைக்க வேண்டாம். சீலன்ட் இரண்டு பக்கமும் மட்டும் ஒட்டியிருந்தால் ரப்பர் மாதிரி நீளும். அடியிலும் ஒட்டிவிட்டால் நீள முடியாமல் கிழியும். கயிற்றில் சீலன்ட் ஒட்டாது, அதுதான் அதன் முக்கியமான வேலை.

தளத்தின் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே விட்ட அந்த இடம் அப்படியே காலியாக இருக்கட்டும். ஃபோம் அடித்து நிரப்பினால் அது கல்லாகிவிடும், தளம் விரிய இடம் இருக்காது.

ஈரச்சுவர்

வழக்கமாக எழும் ஒரு பயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: உள்பக்கம் இப்படி அடைத்தால் சுவருக்குள் ஈரம் சிக்கிக்கொள்ளாதா?

குளிர் பிரதேசத்தில் நடப்பது நேர்மாறு. வீட்டுக்குள் சமைக்கிறோம், குளிக்கிறோம், துணி காயப்போடுகிறோம், மூச்சு விடுகிறோம். அந்த ஈரக்காற்று மேல்தளத்தின் இடுக்குகள் வழியாகச் சுவருக்குள் போய், குளிர்ந்த வெளிப்பலகையைத் தொட்டதும் தண்ணீராகிறது. ஜிப்சம் போர்டின் ஊடாக ஊறிப் போகும் ஈரத்தை விட, ஒரு சின்னத் துளை வழியாகக் காற்றோடு போகும் ஈரம் பல மடங்கு அதிகம். உள்பக்கம் துளைகளை அடைப்பதால் சுவர் காய்ந்துதான் இருக்கும்.

வெப்பமும் புழுக்கமும் உள்ள ஊரில், ஏசி ஓடும் வீட்டில், கதை தலைகீழ். வெளியிலிருக்கும் ஈரக்காற்று உள்ளே நுழைந்து, குளிர்ந்த ஜிப்சம் போர்டின் முதுகில் நீராகப் படியும். அங்கே வெளிப்பக்கத்து அடைப்புதான் முதல் அரண். உள்பக்கம் மட்டும் அடைத்து, சுவரில் பிளாஸ்டிக் வால்பேப்பரும் ஒட்டினால் பின்னால் பூஞ்சை பிடிக்கும்.

இரண்டு இடத்திலும் பொதுவானது: சுவரில் மழைத்தண்ணீர் இறங்குகிறது என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பிறகு, வெளியே செங்கல் முகப்பின் அடிவரிசையில் விட்டுவிட்டு இருக்கும் சின்னத் திறப்புகளையும், சன்னல் சட்டத்தின் அடியில் இருக்கும் துளைகளையும் இடுக்கு என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியேற விட்ட வழிகள் அவை. உள்பக்க வேலைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

இன்னும் ஒன்று. வீடு இறுக இறுக எரியும் அடுப்புகளுக்குக் காற்று போதாமல் போகும். வீட்டுக்குள் எது எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை மாட்டிவிட்டு அடைக்கிற வேலையைத் தொடங்குங்கள். குளியலறை, சமையலறை எக்ஸாஸ்ட் சரியாக வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். காற்று எங்கிருந்தோ தானாக வருவதை நிறுத்தினால், வேண்டிய காற்றை நாம்தான் கொண்டுவர வேண்டும்.

மாடிப்படி

வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஏதாவது சொல்லுங்கள். ஸ்கர்ட்டிங்கைக் கழற்றினால் வீட்டுக்காரர் என்னைக் கழற்றி வெளியே விட்டுவிடுவார்.

மின்கம்பி

உரித்தெடுக்கக்கூடிய சீலன்ட் என்று தனியாக உண்டு. குளிர்காலம் முடிந்ததும் நூல் மாதிரி இழுத்தால் வந்துவிடும். களிமண் மாதிரி விரலால் அழுத்தி ஒட்டும் கயிறும் இருக்கிறது, சன்னல் இடுக்குக்கு நல்லது. சன்னல், கதவு அசையும் பாகங்களுக்கு ஒட்டும் நுரை டேப்பும் கதவின் அடியில் பிரஷ் பட்டையும். இவற்றோடு நான் மேலே சொன்ன நுரை அட்டைகளை வெளிச்சுவரில் உள்ள எல்லா ப்ளக் பாயிண்டிலும் போடுங்கள். கிளம்பும்போது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகலாம். முதலில் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், அவருடைய சுவருக்கும் நல்லதுதானே.

புதுச்சாவி

சன்னல் பட்டிக்குப் பின்னால் ஃபோம் அடிக்கலாமா? எந்த ஃபோம்?

தச்சுப்பட்டறை

அடிக்கலாம். சன்னலுக்கும் கதவுக்கும் என்று போட்டிருக்கும், குறைவாக உப்பும் ஃபோம் மட்டும். சாதாரண ஃபோம் உப்பும் வேகத்தில் சட்டத்தை நெருக்கி வளைத்துவிடும், பிறகு சன்னல் மூடாது. இடைவெளியில் பாதிக்கும் குறைவாக அடித்துவிட்டுக் காத்திருங்கள், போதவில்லை என்றால் இன்னொரு தடவை. கையுறை, கண்ணாடி அவசியம், வேலை முடியும் வரை அந்த அறையில் குழந்தை வேண்டாம். காயாத ஃபோம் கருவியில் பட்டால் அசிடோன் எடுக்கும். காய்ந்துவிட்டால் சுரண்டுவதைத் தவிர வழியில்லை.

சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் வெளிச்சுவருக்குள் நுழையும் துளையையும் பாருங்கள். பூ மாதிரி ஒரு வளையம் போட்டு மறைத்திருப்பார்கள். அதை நகர்த்தினால் ஒரு கை போகிற ஓட்டை இருக்கும். எலி நடமாட்டம் இருந்தால் ஃபோமை மட்டும் நம்பாதீர்கள், கடித்துவிடும். செம்புக் கம்பிவலையைத் திணித்துவிட்டு அதன் மேல் அடியுங்கள்.

வாடைக்காற்று

கூடத்தில் இரண்டு சுவரும் முடிந்தது. ஸ்கர்ட்டிங்கைக் கழற்றிப் பார்த்தபோது அந்த மூலையில் போர்டுகள் இரண்டும் சேரவே இல்லை, பென்சில் உள்ளே போகும் அளவுக்கு நெடுக்காக இடைவெளி. கயிறு வைத்து அடைத்தேன். அடிக்கட்டையின் அடியில் ஓர் இடத்தில் வெளி வெளிச்சமே தெரிந்தது. இப்போது பத்தியைக் காட்டினால் புகை நேராக மேலே போகிறது. பரணில் ஒயர் துளைகளையும் அடைத்துவிட்டேன், அந்த உள்சுவர் ப்ளக் பாயிண்டில் காற்று நின்றே போய்விட்டது. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இனி பலகையைத் திரும்ப மாட்ட வேண்டும். சீலன்ட் எவ்வளவு நேரம் காய வேண்டும்? மேல்விளிம்பில் கோடு இழுப்பதானால் எது, எப்படி? மூலையில் பலகைகள் சேரும் இடம் குளிர்காலத்தில் எப்போதும் வாயைப் பிளந்துகொள்கிறது, அதை இப்போதே அடைக்கலாமா, கோடை வரை விடலாமா?

தச்சுப்பட்டறை

அருமை! அந்த மூலை ஒன்றே பாதித் தொல்லைக்குக் காரணமாக இருந்திருக்கும்.

உள்ளே போட்டது தோல் கட்டியிருந்தால் பலகையை மாட்டலாம், அது பின்னால் நிதானமாகக் காயட்டும். ட்யூபில் எழுதியிருக்கும் நேரத்தைப் பாருங்கள், குளிரில் அதை விடக் கூடுதலாகவே ஆகும். பழைய ஆணித்துளைகளிலேயே அடிக்காமல் ஒரு விரற்கடை தள்ளி அடியுங்கள், பிடிப்பு இருக்கும். ஆணியைத் தளத்துக்குள் இறக்காமல் சுவர்க்கட்டையில் இறக்குங்கள். பலகையைத் தரையில் அழுத்தி மாட்ட வேண்டாம், அடியில் ஒரு காகிதம் போய் வரும் அளவு விட்டுவிடுங்கள்.

மேல்விளிம்புக்கு பெயின்ட் பிடிக்கும் அக்ரிலிக் சீலன்ட், கொஞ்சம் நீளும் வகை. அறை 5 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், உங்கள் கூடத்தில் அந்தக் கவலை இல்லை. மேலும் கீழும் மாஸ்கிங் டேப் ஒட்டி, மெல்லிய கோடாக இழுத்து, ஈர விரலால் ஒரே ஓட்டமாக வழித்து, காய்வதற்கு முன்பே டேப்பை உரித்துவிடுங்கள். காய்ந்த பிறகு உரித்தால் கோடும் சேர்ந்து வரும். காயும்போது கொஞ்சம் சுருங்கும், தேவைப்பட்டால் மறுநாள் இன்னொரு மெல்லிய கோடு.

மூலை மூட்டை இப்போதே அடையுங்கள். ஹீட்டர் ஓடும் காலத்தில் அறை வறண்டு மரம் சுருங்கியிருக்கும், இடைவெளி இப்போதுதான் அதிகம். இப்போது போட்டால் கோடையில் மரம் விரியும்போது சீலன்ட் நசுங்கிக் கொடுக்கும், கிழியாது. கோடையில் மூடியிருக்கும்போது போட்டால் அடுத்த குளிரில் பிளந்துவிடும்.